குனிந்து குடித்த வெந்நீர்

யாரோ தூக்குவாளியைத் திறந்தார்கள். ரசம். தாளித்த பெருங்காயத்தின் வாசனை டெட்டால் நெடியின் மேல் ஏறி, மின்விசிறிக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தது. பக்கத்து நாற்காலிப் பெண்மணி மூக்கைச் சுருக்கினாள். நான் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தேன். அங்கேயும் அதே வாசனை. என்ன சோப்புப் போட்டாலும் எங்கள் வீட்டு ஆட்களின் தோலை விட்டு அது போவதில்லை.

இரண்டு கதவுகளுக்கு அப்பால், என் அக்காவின் நெஞ்சை இந்நேரம் திறந்திருப்பார்கள். இதயத்தின் இடது பக்கத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. தைத்துச் சரிசெய்ய முடிந்தால் தைப்போம், இல்லையென்றால் மாற்றிவிடுவோம் என்றார்கள். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வருகிறவனுக்கு பைஸ்டாண்டர் என்று பெயர். ஒலிபெருக்கியில் அந்தச் சொல் கேட்டதும் கூடம் முழுக்க எழுந்து நிற்கிறது. கூப்பிட்டது யாரை என்று தெரிந்த பிறகு ஒருவர் மட்டும் நடக்க, மற்றவர்கள் உட்காருகிறோம். எழுவதும் உட்காருவதுமாகக் காலை போய்விட்டது.

இந்த வாசனைதான் எங்களை ஏமாற்றியது.

நகரத்தின் ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுடையது பெருங்காய மொத்தக் கடை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா போன பிறகு கடை அக்காவுடையது. கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவளுக்குக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிடைத்தது, அதில் அவள் ராணி மாதிரி இருந்தாள். கட்டிக் காயம், பொடிக் காயம், பால்க்காயம். ஓட்டல்காரர்கள் வருவார்கள், ஓணத்துக்கு முன்னால் சத்யை விருந்து சமைக்கிறவர்கள் வருவார்கள். வயிற்றைத் தடவிக்கொண்டே வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அக்கா ஒரு சின்னத் துண்டைக் காகிதத்தில் மடித்துச் சும்மா கொடுத்துவிடுவாள். கேஸுக்கு, அதாவது வாயுவுக்கு.

எங்கள் வீட்டில் கழுத்துக்குக் கீழே இடுப்புக்கு மேலே எது வலித்தாலும் கேஸ். விலா வலித்தால் கேஸ் விலாவுக்குப் போயிருக்கிறது. தோள் வலித்தால் தோளுக்கு ஏறியிருக்கிறது. அம்மாவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. இரும்புக் கரண்டியைச் சூடாக்கி அதில் ஒரு மொச்சைப் பயறளவு பெருங்காயத்தைப் பொரிய விட்டு, நுணுக்கி, வெந்நீரில் கரைத்துக் கொண்டு வருவாள். குடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. மல்லாந்து குடித்தால் கேஸ் திரும்ப இறங்கிவிடும். நாற்காலியின் நுனியில் இருந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, நெஞ்சு தாழக் குனிந்து, வாய் வாயாகக் குடிக்க வேண்டும். டம்ளர் காலியாகும்வரை நிமிரக்கூடாது. நானும் அக்காவும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அப்படிக் குனிந்தவர்கள். இந்த நகரத்தில் வேறெந்த வீட்டிலும் நான் இதைப் பார்த்ததில்லை. பெருங்காயம் விற்கிறவர்கள் வீட்டில் பெருங்காயம் குடிப்பதற்கு இப்படி ஒரு சாஸ்திரம்.

அக்காவுக்கு லூபஸ் என்று தெரிந்தது முப்பதுகளின் நடுவில். முதலில் விரல்கள். காலையில் ரப்பர் பாண்டைக் கழற்ற முடியாது. பிறகு கன்னம் இரண்டிலும் மூக்குத்தண்டைத் தாண்டி ஒரு சிவப்பு. தலைமுடி சீப்போடு வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்துப் பெயர் சொன்னார்கள்: உடம்பின் காவல் படை உடம்பையே அடிக்கிற நோய், தீராது, அடக்கி வைக்கலாம், வெயில் ஆகாது. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டையும் கறுப்புக் குடையும். கடையிலிருந்து வீடு கூப்பிடு தூரம்தான், அதற்கும் குடை. "மழையும் இல்லே, மஞ்சும் இல்லே, யாருக்குப் பயந்து சேச்சி குடை?" என்று மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் கேட்பார்கள். "சூரியன்ட்ட கொஞ்சம் கணக்கு தீக்காம கெடக்குடே" என்பாள்.

எங்களுக்கு அது மூட்டுக்கும் தோலுக்கும் உள்ள சீக்கு. அப்படித்தான் மனதில் போட்டு வைத்திருந்தோம். மாத்திரை விழுங்கினாள், வெயிலைத் தவிர்த்தாள், மாத்திரை கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண் டாக்டரிடம் வருஷா வருஷம் போனாள். அந்த நோய்க்கு ஒரு எல்லை உண்டு, அது முகத்தோடும் கைகளோடும் நிற்கும் என்று நாங்களே ஒரு வேலி கட்டி அதை நம்பினோம். நெஞ்சு வேறு இலாகா. நெஞ்சு அம்மாவின் இலாகா.

ஒரு வருஷம், ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் ஆரியசாலைத் தெருவில் தண்ணீர் கணுக்கால்வரை நின்றது. சாக்குகளைப் பலகைமேல் ஏற்றியிருந்தோம். ஒருநாள் அக்கா பில் போட்டுக்கொண்டே மேசைமேல் கவிழ்ந்து இருந்தாள். மறுநாளும். நெஞ்சை மேசை விளிம்பில் வைத்து, இரண்டு கைகளையும் அதைச் சுற்றிப் போட்டு, மேசை எங்கேயாவது போய்விடுமோ என்பதுபோல. சாக்கு இறக்க வந்தவன் நின்று பார்த்தான்.

"சேச்சிக்கு மேசையோடயா கல்யாணம்?"

"ஆமாடே. மேசை வாய் பேசாதுல்லா. அதான் சம்மதிச்சேன்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது ஒரு ஊர் சுற்றலிலிருந்து திரும்பி வந்திருந்தேன், எந்த ஊர் என்பது இப்போது முக்கியமில்லை. கடையில் எனக்கு வேலை என்று ஒன்று கிடையாது. வாசலில் நிற்பேன், தெருவைப் பார்ப்பேன்.

நெஞ்சில் குத்துகிறது என்று அவள் சொன்னது வீட்டில் சாப்பிடும்போது. மூச்சை இழுத்தால் குத்துகிறது, படுத்தால் கூடுகிறது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இரும்புக் கரண்டி, பெருங்காயம், வெந்நீர். "குனிஞ்சிரி. மெள்ளக் குடி." அக்கா குனிந்தாள், குடித்தாள். டம்ளர் பாதியாகும்போது அவள் முகம் தளர்ந்தது. "கொறவு உண்டு" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள், பார்த்தியா என்பதுபோல.

அதன் பிறகு காலையும் மாலையும் வெந்நீர். ஒவ்வொரு தடவையும் குறைந்தது. மருந்து கேட்கிறது என்று வீடே நிம்மதியாக இருந்தது. கட்டிலில் படுக்காமல் இரண்டு தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து தூங்கினாள். அம்மா அதையும் சரி என்றாள். கேஸ் மேலே ஏறிப் போகட்டும்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லாற்றுக்குப் போகவேண்டும் என்றாள். தண்ணீரில் கால் வைக்கவேண்டும், அவ்வளவுதான். "நீ ஊரெல்லாம் சுத்துகே. ஒரு நாளு என்னையும் கூட்டிட்டுப் போ." தம்பானூரில் பஸ் ஏறினோம். நெடுமங்காடு தாண்டி ரப்பர் மரங்கள் தொடங்கியதும் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். முன் சீட்டின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தாள். "தூக்கமா?" என்றேன். "இல்லே, கம்பி நல்ல தண்ணுப்பா இருக்கு" என்றாள்.

கல்லாற்றில் மேகம் மூடிய வெளிச்சம். வெயில் இல்லை என்று குடையை மடக்கினாள். நாங்கள் ஓரத்திலேயே, தண்ணீர் ஆழமில்லாத இடத்தில் இருந்தோம். மலைமேல் பெய்த மழை உருளைக் கற்களுக்கு நடுவே கிசுகிசுத்துக்கொண்டு இறங்கியது. செருப்பைக் கழற்றி அவள் கால்களைத் தண்ணீருக்குள் விட்டாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பெரிய தட்டைப் பாறை ஒன்று காய்ந்து கிடந்தது. அதில் அப்படியே மல்லாந்து சாய்ந்து மரக்கிளைகளைப் பார்க்கப் போனாள்.

முதுகு பாறையில் பட்டதும் முகம் மாறிவிட்டது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கையை நீட்டினாள். "டே, தூக்கு."

தூக்கி உட்கார வைத்தேன். அவள் பையைக் கவிழ்த்தேன். துவாலை, தண்ணீர்க்குப்பி, மாத்திரை டப்பா, ஆரஞ்சு. அம்மா பொடித்துத் தந்திருந்த பெருங்காயச் சிமிழ் இல்லை. அடுப்படி மேடையில் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறோம். மேலே ரோட்டோரம் ஒரு சாயாக்கடை தெரிந்தது. "இரி, அங்கன கேட்டுட்டு வாரேன்" என்று ஓடப் பார்த்தேன். அவள் என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டாள். மடக்கிய குடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஊன்றி, அதன் பிடியில் தாடையை வைத்துக் குனிந்திருந்தாள். கண் மூடியிருந்தது. தண்ணீர் அவள் கணுக்காலைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோள்கள் இறங்கின.

"கொறவு உண்டு" என்றாள்.

பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஒரு கணக்கில் தவறைக் கண்டுபிடித்தவளின் பார்வை.

"டே. காயம் குடிக்கல்ல."

"ம்."

"வெந்நியும் இல்லே. குனிஞ்சேன். கொறஞ்சுது."

அவள் மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். குத்தியது. குனிந்தாள். விட்டது. இன்னொரு தடவை. சோதித்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

"அப்போ இது கேஸ் இல்லேடே" என்றாள். ஆற்றைப் பார்த்துச் சொன்னாள்.

அத்தனை நாளும் அவளுக்குச் சுகம் கொடுத்தது டம்ளருக்குள் இருந்ததல்ல. எங்கள் வீடு கற்றுக்கொடுத்த குனிவு. திரும்பும் பஸ் மலையிறங்கும்போது அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு வழக்கம் அவள் வலியைக் குறைத்தது. குறைத்ததாலேயே மறைத்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி. இதய டாக்டர் மலையாளி, நடுவயதுப் பெண். அக்கா தமிழில் பேசுவதைக் கேட்டுத் தமிழுக்கு வர முயன்றார்.

"சேச்சி இவ்வளவு நாள் எங்க போயிருந்து?"

"கடைல."

"நெஞ்சு வேதனையோட?"

"கேஸ்னு இருந்தேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் முன்னால குனிஞ்சு இருங்க. மூச்சை வெளிய விட்டுட்டுப் பிடிச்சு வைங்க" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அம்மா சொல்லும் அதே இருப்பு. டாக்டர் ரொம்ப நேரம் கேட்டார். நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றதாலோ என்னவோ, கேட்கிறீர்களா என்று காதுக்கருவியை என்னிடம் நீட்டினார்.

நான் எதிர்பார்த்தது துடிப்பை. கேட்டது உரசலை. எங்கள் தெருவில் ஒரு சணல் சாக்கின்மேல் இன்னொரு சாக்கை இழுக்கும் சத்தம். வறண்ட, சொரசொரப்பான, போய் வருகிற சத்தம். ஆரியசாலை அவள் விலா எலும்புக்குள் இருந்தது. கருவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

எக்கோ எடுக்கும் அறை இருட்டாக இருந்தது. குளிர்ந்த பசையைத் தடவி, கைக்கருவியை நெஞ்சில் அழுத்தினார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் அக்காவின் இதயம். நான் பார்த்த எந்தப் படத்திலும் இல்லாத மாதிரி, ஓய்வெடுக்கத் தெரியாத ஒரு பிராணி. அதைச் சுற்றி ஒரு கறுப்பு விளிம்பு.

"இதயத்துக்கு ஒரு உறை உண்டு" என்றார் டாக்டர். "அது வீங்கியிருக்கு. உறைக்குள்ள நீர் கட்டியிருக்கு. இந்தக் கறுப்பு, அதுதான். மல்லாந்தா வேதனை கூடும், குனிஞ்சா குறையும். அது அதோட சுபாவம்."

"எனக்குத் தொலியிலயும் மூட்டுலயும் அல்லே சீக்கு?" என்றாள் அக்கா, ஒருக்களித்துப் படுத்தபடியே.

"தொலியில காணும் சேச்சி. காணாத எடத்திலயும் இருக்கும். லூபஸ் இதயத்தோட எந்தப் பாகத்தையும் தொடும் கேட்டோ. உறை, சதை, வால்வு, ரத்தக் குழல்."

அந்த வரிசையை அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது வீட்டுக்குள் நுழைந்தவன் ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறப்பதுபோல இருந்தது. ஒரு பொத்தானைத் தட்டினார். ஈரத் துணியை உதறுகிற சத்தம் அறையை நிறைத்தது. திரையில் இரண்டு மெல்லிய இதழ்கள் திறந்து மூடின. மூடும்போதெல்லாம் ஒரு நீலக் கீற்று பின்னால் பாய்ந்தது. இதழ்களின் ஓரத்தில் சின்னச் சின்னப் பொடிப்பு வளர்ந்திருக்கிறது, கிருமி இல்லை, லூபஸ் தானே செய்வது, அதனால் வால்வு முழுக்க மூடவில்லை, முன்னால் போகவேண்டிய ரத்தத்தில் கொஞ்சம் திரும்பிப் போகிறது என்றார். பொடிப்பில் ரத்தம் உறைந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போய்விடலாம் என்பதால் அதற்கும் மருந்து வேண்டும். சதையும் கொஞ்சம் களைத்திருக்கிறது.

"மாறுமா?" என்று கேட்டேன்.

"நீர் வத்தும். வேதனை போகும். சதையும் தேறும்னு நினைக்கறேன். வால்வு... அதைப் பாத்துட்டே இருக்கணும்."

அவர் சொன்னபடிதான் நடந்தது. ஸ்டீராய்டில் அக்காவின் முகம் நிலாவாக உப்பியது, உறையின் நீர் வற்றியது, ஒரு நாள் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே தூங்கினாள். கடையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மேசையெ டைவோர்ஸ் பண்ணியாச்சா சேச்சி?" என்றான் அதே ஆள். வால்வு மட்டும் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு எக்கோவிலும் நீலக் கீற்று கொஞ்சம் அகலமானது. திரும்பி வருகிற ரத்தத்தைத் தாங்கித் தாங்கி இடது அறை பெருத்தது. மாடியில் சரக்கு பார்க்க ஏறுகிறவள் நடுப்படியில் நின்று, ஏதோ யோசிப்பவள்போல் சுவரைப் பார்க்கத் தொடங்கினாள்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. முதல் எக்கோ முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா, "கேஸ் கொஞ்சம் கூடுதலாம், மாத்திரை தந்திருக்கா" என்று சொல்லிவிட்டாள். "நா அப்பமே சொன்னேன்லா" என்றாள் அம்மா. வெந்நீர் தொடர்ந்தது. அக்கா மறுக்கவில்லை. வலி போன பிறகும், காலையும் மாலையும், நாற்காலி நுனியில் இருந்து குனிந்து குடித்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வரும்.

"உள்ளதைச் சொல்லிரு. அவ ஒண்ணும் பச்சப் பிள்ளை இல்ல."

"சொன்னா என்ன நெனப்பா?"

"என்ன நெனப்பா?"

"நா வெந்நி போட்டுக் குடுத்துக் குடுத்து நாளைப் போக்கிட்டேனேன்னு நெனப்பா. பொறவு கரண்டியெ கையால தொடுவாளா? உனக்கென்ன, நீ பஸ்ஸேறிப் போயிருவே. நாந்தான் அந்த மொகத்தைப் பாத்துட்டு இரிக்கணும்."

"முன்னமே போயிருந்தா வால்வு இப்பிடி ஆயிருக்காதோ?" இதை நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"டாக்டர்ட்ட கேட்டேன். தெரியாதுன்னா. பொடிப்பு எப்போ வந்துதுன்னு யாராலயும் சொல்ல ஒக்காதாம்." பிறகு, "தெரியாதுங்கிறதை வச்சுட்டு அம்மையெ எப்பிடிடே கொல்லுகது?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லூபஸ் அடங்கியிருக்கிற சமயமாகப் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கேஸுக்கு ஒரு பெரிய டெஸ்ட், சில நாள் அங்கேயே இருக்கவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தோம். பொய் எங்கள் வாயில் நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

வீட்டிலிருந்து கிளம்பிய அன்று அம்மா வாசல்வரை வந்தாள். வழக்கமாக யார் வெளியூர் போனாலும் வயிற்றைத் தடவி, "கண்டதைத் தின்னாதே" என்பாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்கையை அக்காவின் நெஞ்சில், இடது பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். எடுத்தாள். உள்ளே போய்விட்டாள். ஆட்டோவில் நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவளும் கவனித்தாளா? கேட்கவில்லை. இந்தக் கூடத்தில் உட்கார்ந்து அதையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வயிற்றில் வைக்கவேண்டிய கையை ஏன் அங்கே வைத்தாள்?

ரசம் வைத்திருந்தவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். வாசனை போகவில்லை. ஒலிபெருக்கி கூப்பிட்டது, எழுந்தோம். கூப்பிட்டது என்னை இல்லை. போனில் அம்மாவின் அழைப்பு வந்து, நான் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட வேண்டும். என்ன சொல்வது என்பதை அக்காவே காலையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

பச்சை அங்கி, தலையில் பிளாஸ்டிக் குல்லாய். கன்னத்தின் சிவப்பு அந்தப் பச்சைக்கு மேலே துலக்கமாகத் தெரிந்தது. தள்ளுகட்டிலில் மல்லாந்துதான் கிடந்தாள், தலைப்பக்கத்தை மட்டும் நர்ஸ் சற்று உயர்த்தி வைத்திருந்தார். கழுத்துச் சங்கிலியையும் மூக்குத்தியையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து என் கையில் வைத்தாள். கதவருகே கட்டில் நின்றது. பைஸ்டாண்டர் இதுவரைதான் என்றார்கள்.

"அக்கா" என்றேன். "அம்மை கூப்பிடுவா. என்ன சொல்ல?"

கதவு திறந்தது. உள்ளேயிருந்து குளிர் வந்தது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"கேஸ்தான்னு சொல்லுடே. வெந்நி போட்டு வைக்கட்டும். நா வந்து குனிஞ்சிருந்து குடிக்கேன்."